யார்கூட?

பொட்டிக் ஹோட்டல் என்று மகள் சொன்னபோது எனக்குப் பொட்டிக்கடை என்றுதான் காதில் விழுந்தது. பத்துப் பன்னிரண்டு அறைகள்தானாம், பழைய பிரெஞ்சு வீட்டை மாற்றியதாம். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கடை என்றுதான் பொருள் என்று பின்னால் தெரிந்தது. நான் கேட்டதில் பெரிய தப்பில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பத்தொன்பது வருடமாக வேலை. வண்டி உதிரிபாகங்களைச் சரிபார்த்து அனுப்பும் பிரிவு. சேர்ந்த புதிதில் ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கினோம். நான் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பகல் ஷிஃப்ட்டுக்காரி எழுந்து போவாள். அவள் சூடு ஆறாத பாயில் நான் படுப்பேன். அதற்கு முன் அம்மா, தங்கைகள். அதற்குப் பின் கணவர், பிள்ளைகள், உடம்புக்கு முடியாத மாமியார். நாற்பத்தோரு வயதுவரை ஓர் அறையில் தனியாகத் தூங்கியதே இல்லை என்பது ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது உறைத்தது. பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில்கூடப் பக்கத்துக் கட்டிலில் ஆள்.

சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு ராத்திரி தங்கப் போகிறேன் என்றேன்.

"யார்கூட?" என்றார் மாமியார்.

"தனியா."

"எதுக்கு?"

என் வீட்டுக்காரர் கூட்டாளிகளோடு பாண்டிச்சேரிக்கு எத்தனை முறை போயிருக்கிறார் என்று கணக்கே கிடையாது. எதுக்கு என்று யாரும் கேட்டதில்லை. எதுக்கென்றுதான் ஊருக்கே தெரியுமே. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மலிவாக முடிக்கலாமென்று முதலில் ஒரு லாட்ஜுக்குப் போன் செய்தேன். தனியாக வரும் லேடீஸுக்கு ரூம் தருவதில்லை என்று வைத்துவிட்டார்கள். அப்படியொரு சட்டம் கிடையாது. மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதே குற்றமில்லை என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியாகத் தங்குபவளுக்குத் தீர்ப்பெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்போல.

மகள் தேடிப் பிடித்தது ரோமன் ரோலண்ட் வீதியில். ஐயாயிரத்து இருநூறு ரூபாய், என் ஒரு வாரச் சம்பளம். ஊருக்கு வெளியே இதைவிடக் குறைவாக, நீச்சல்குளத்தோடுகூடக் கிடைத்தது. ஆனால் ராத்திரி கடலைப் பார்க்க ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆட்டோ பிடித்தால் "தனியாவா மேடம்?" என்று ஆரம்பிக்கும். ஹோட்டல் ஊருக்கு நடுவில் இருந்தால் ஆண்களுக்கு அது வசதி, அவ்வளவுதான். நான் கணக்குப் போட்டது வேறு: ராத்திரி பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போய், என் காலாலேயே திரும்பி வர முடியுமா?

ஆதாரில் க/பெ என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, "சார் பின்னால வர்றாரா?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். இல்லை என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை. எங்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது கல்லறைகள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே அறைகளை விட்டுப்போயிருக்கிறார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே அவர்கள், மேற்கே நம்மவர்கள் என்று பிரித்து வைத்திருந்த ஊர். 1954 நவம்பர் வரை அவர்கள் ஆட்சி. அந்தக் காலத்தில் என்னைப் போன்றவள் இந்த வீட்டுக்குள் வந்திருந்தால் பாத்திரம் தேய்க்கத்தான் வந்திருப்பாள்.

சாயங்காலம் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைப் பார்த்தேன். ஆயி ஒரு தாசி. அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்ட அரசன், உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னானாம். அவளே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. தியாகம் என்கிறார்கள். கும்பிட்டது அவன், வீடு போனது அவளுக்கு.

ராத்திரி பத்து மணிக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். மாலையிலிருந்தே அங்கே வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அதுவே கொஞ்ச நேரம் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. திரும்பி வந்து கதவைத் தாழ் போட்டேன், மறுபடி எழுந்து சரிபார்த்தேன். தூக்கம் வர இரண்டு மணி ஆனது.

காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

"தனியாவா வந்தீங்க அக்கா?"

"ஆமாம்மா."

"நல்லாத் தூங்கினீங்களா?"

எதுக்கு என்று கேட்பாள் என எதிர்பார்த்திருந்ததால் பதில் சட்டென்று வரவில்லை. அதற்குள் அவள் போர்வையை விலக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"இவ்ளோ பெரிய கட்டில்ல ஓரமா ஒரு முழம்தான் கசங்கியிருக்கு."