தண்ணீர் போன வழி

ஒருவர்மீது பழி சுமத்த ஒரு கணம் போதும். அந்தப் பழி பொய்யென்று உணர எனக்கு நாற்பது நாட்கள் ஆயின. அதுவும் ஒரு பழைய லாரியின் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

ஆரணியில் பிறந்தவர்கள் இரண்டு ஓசைகளைக் கேட்டு வளர்கிறோம். ஒன்று தறியின் ஓசை. மற்றொன்று அரிசி ஆலையின் ஓசை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டுத்தறி இருந்தது. தந்தைக்குப் பின் அதை நம்பி வாழும் துணிவு எனக்கில்லை. மனைவியின் நகைகளை அடகு வைத்து, இரண்டு கை மாறிய லாரி ஒன்றை வாங்கினேன். இங்கிருந்து பெங்களூருக்கு அரிசி. திரும்பும்போது கிடைத்த சரக்கு. சேவூரைச் சேர்ந்த ஒருவர் ஓட்டுநராக வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை ‘அண்ணே’ என்பேன்; அவர் என்னைத் ‘தம்பி’ என்பார்.

இரண்டாம் மாதத்திலேயே அவர் சொன்னார்: “தம்பி, வண்டி தண்ணி குடிக்குது. ஒவ்வொரு நடைக்கும் ரேடியேட்டரில் ஊற்றுகிறேன். கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை.” நான் செவி கொடுக்கவில்லை. ஒழுகாத தண்ணீர் எப்படிக் குறையும்? ஊற்ற மறந்துவிட்டுக் கதை சொல்கிறார் என்றே எண்ணினேன்.

ஒருநாள் நானும் வண்டியில் சென்றேன். ஆரணிச் சமவெளியிலிருந்து கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலே உள்ள பெங்களூருக்கு, முழுப் பாரத்தோடு ஏற வேண்டும். கிருஷ்ணகிரியைத் தாண்டி மேலுமலை ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். “அரைமணி நேரம் ஆறட்டும், தம்பி. இப்போது மூடியைத் தொடக்கூடாது” என்றார். அவர் சொன்னது சரி. 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர், மூடி காக்கும் அழுத்தத்தால் அதற்கும் மேலான சூட்டில் அடங்கி நிற்கும். மூடி திறந்த கணமே முகத்தில் பீறிடும். ஆனால் மாலைக்குள் சரக்கை இறக்க வேண்டுமென்ற பதற்றம் எனக்கு. கால்மணி நேரம்கூடப் பொறுக்காமல், தடுத்தவரை விலக்கிவிட்டு, சாக்கைப் போட்டு மூடியைத் திருகினேன். ஆவி அடங்கியதும் கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீரை நானே ஊற்றினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு வண்டி இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடித்தது. ஒரு காலை, லாரிக் கொட்டகையில் நான்கு பேர் முன்னிலையில், “தண்ணீர் பார்க்கத் தெரியாதவருக்கு ஸ்டியரிங் எதற்கு?” என்று கேட்டுவிட்டேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்த மாதச் சம்பளத்தையும் கேட்கவில்லை.

புதிய ஓட்டுநர் வந்தார். தண்ணீர் அப்படியே குறைந்தது. அப்போதுதான் ஊரிலிருந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடுமுன் கேட்டார்: “தண்ணீர் போவதற்கு மூன்று வழிதான் உண்டு, தம்பி. வெளியே ஒழுகலாம், மூடி வழியாக ஆவியாகலாம், எஞ்சினுக்குள்ளேயே போகலாம். முதல் இரண்டையும் பார்த்தீர்களா?”

இரவு முழுவதும் வண்டியின் அடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தார். காலையில் அது உலர்ந்தே கிடந்தது. ஹோஸ் குழாய்கள், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எதிலும் கசிவின் தடம் இல்லை. மூடியைப் புதிதாக மாற்றினார்; தண்ணீர் குறைவது நிற்கவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்தால் ஆயில் பால்போல் வெளுக்கும். இதில் அப்படி இல்லை. “அப்படியானால் கேஸ்கட் நன்றாகத்தானே இருக்கிறது?” என்றேன். “ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கட் சுத்தம் என்று ஆகாது” என்றார்.

சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்கிற்கும் நடுவே கிடக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். நெருப்பை ஓர் அறையிலும், நீரை ஒரு வழியிலும், ஆயிலை இன்னொரு வழியிலும் அது பிரித்து வைக்கிறது. நெருப்புக்கும் நீருக்கும் நடுவே மட்டும் அது விட்டுப்போனால், ஆயில் தூய்மையாகவே இருக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியில்லாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டார். பம்ப் சுழலவில்லை, நீர் கொதிக்கவும் நேரமில்லை. ஆயினும் குமிழிகள் இடைவிடாமல் எழுந்தன. டீசல் எஞ்சினில் எரியும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் 50 மடங்குக்கும் மேல். அது நீர்வழிக்குள் புகுந்து நீரை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் நின்றதும் அதே வழியில் நீர் சிலிண்டருக்குள் கசிந்து, பிறகு வெண்புகையாகச் சைலன்சர் வழியே போகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் செல்லும் குழாயின் நட்டைத் தனித்தனியே தளர்த்திப் பார்த்தார். இரண்டாவதைத் தளர்த்தியபோது குமிழிகள் குறைந்தன.

ஹெட்டைத் திறந்தபோது, இரண்டாம் சிலிண்டரிலிருந்து நீர்த்துளைவரை கேஸ்கட்டில் ஒரு கருங்கோடு ஓடியிருந்தது. நேர்ச்சட்டத்தை ஹெட்டின்மேல் குறுக்கே வைத்தார். அடியில் ஒளி தெரிந்தது. “வளைந்துவிட்டது. சூட்டோடு யாரோ பச்சைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்” என்றார்.

அந்த ‘யாரோ’ நான்தான் என்று அவரிடம் சொல்ல என் நா எழவில்லை.

ஹெட்டை லேத்தில் சமப்படுத்தி, புதிய கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக, வரிசைப்படி, மூன்று தவணைகளில் போல்ட்டுகளை இறுக்கினார். அதோடு விடவில்லை. ரேடியேட்டரைக் கழற்றினார், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிந்து பாதிக் குழாய்கள் அடைபட்டிருந்தன. “சூடு ஏறிய காரணத்தைச் சரிசெய்யாமல் கேஸ்கட் மாற்றினால், அடுத்த ஏற்றத்தில் இதுவும் போகும்” என்றார். அன்றுமுதல் வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கூலன்ட் கலந்தே ஊற்றுகிறோம்.

என் தந்தை தறியில் அமர்ந்து சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: “நெய்த துணியில் கோடு விழுந்தால் துணியைத் திட்டாதே. எழுந்து பின்னால் போய், பாவில் எந்த இழை அறுந்தது என்று பார்.” நான் எழவில்லை, பார்க்கவுமில்லை. அருகிலிருந்த மனிதரைத் திட்டினேன்.

அன்று மாலையே சம்பளப் பணத்தை எடுத்துக்கொண்டு சேவூர் சென்றேன். வீட்டில் அவர் மனைவி தறியில் இருந்தார். அண்ணன் திண்ணையில் அமர்ந்திருந்தார். ஓர் அரிசி ஆலையின் வண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். நான் நின்றுகொண்டே அனைத்தையும் சொன்னேன். மேலுமலையில் நான் ஊற்றிய தண்ணீரையும் சொன்னேன். நான்கு பேர் முன்னால் பேசியதை, அதே நான்கு பேர் முன்னால் திரும்பப் பெறுவதாகவும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “எந்த சிலிண்டர், தம்பி?”

“இரண்டாவது.”

“எனக்கும் அதுதான் சந்தேகம்” என்று சொல்லி, நான் உட்காரத் திண்ணையில் இடம் ஒதுக்கினார்.

அவர் என் வண்டிக்குத் திரும்பவில்லை, நானும் அழைக்கவில்லை. மறுநாள் கொட்டகையில், சொன்னபடியே செய்தேன். வண்டியைச் சரிசெய்யப் பிடித்த நாட்களைவிட, அந்த இரண்டு நிமிடங்கள் எனக்கு நீளமாக இருந்தன.