ஒரே சுவரில் மூன்று தலைமுறை

முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல் மூவகைப்படும் என்பதைச் சென்ற ஆண்டு நன்னூற் பாயிரத்திற் படித்தோம். படித்தோம் என்பதினும், தேர்வின்பொருட்டு நெட்டுருச் செய்தோம் என்பதே உண்மை. வழிநூல் செய்வோன் முதனூலின் முடிபை ஒத்துச் செல்லுதல் வேண்டும். ஆயினும் தான் வேண்டிய வேறுபாட்டையும் அதன்கண் அமைத்தல் வேண்டும் என்பது பவணந்தியார் கருத்து. ஒத்தலும் வேண்டும், வேறுபடுதலும் வேண்டும் என்றால் இஃதென்ன முரண் என்று அக்காலை யாம் ஐயுற்றதுண்டு. ஆசிரியர் விளக்கினார், யாமும் தலையசைத்தோம். ஆனால் அவ்விதியின் பொருள் எமக்கு உள்ளபடி விளங்கிய இடம் வகுப்பறையன்று. சென்ற கோடை விடுமுறையில், சென்னைக்குத் தெற்கே ஓர் ஓவியக் காட்சிச்சாலையில், எம் பாட்டனார் ஒரு பக்கமும் எம் தங்கை மறுபக்கமுமாக நிற்க, யாம் நடுவே நின்றபொழுதே அது விளங்கிற்று. அவ்வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் ஒரு மிஷன் பள்ளியில் 31 ஆண்டு சித்திர ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பொருநையாற்றுப் படித்துறை, தேரிக்காட்டுப் பனைகள், எம்மூர் ஆலயத்து மணிக்கூண்டு ஆகியவற்றை அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய படங்கள் எம் வீட்டுச் சுவர்களில் இன்றும் உள. காலை வேளையில் பனையின் நிழல் எப்பக்கம் விழும், எவ்வளவு நீளும் என்பவற்றில் அவர் நீதிபதியினும் கண்டிப்பானவர்.

எம் தங்கைக்கு வயது 16. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவள் காலஞ்சென்ற எம் பாட்டியாரை ஒரு தாளில் வரைந்தாள். பாட்டியார் ஓலைப்பெட்டி முடைவதில் வல்லவர். அதனை நினைந்தோ என்னவோ, அவள் அம்முகம் முழுவதையும் முடைந்த ஓலையாகவே வரைந்திருந்தாள். கண்ணும் மூக்கும் தனியே இல்லை. பின்னலின் மேடுபள்ளமே முகமாகத் தோன்றிற்று. வண்ணமோ நீலம். பாட்டனார் அதனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்து, "உன் பாட்டி இப்படியா இருந்தாள்?" என்றார். யாம் உரக்கச் சிரித்தோம். அவர் சொல்லினும் எம் சிரிப்பே அவளை மிகுதியாகச் சுட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அவள் அத்தாளை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே சென்றாள். அதன்பின் ஐந்து திங்கள் அவள் தூரிகையைத் தொடவில்லை.

நிற்க. மே மாதத்தில் பாட்டனாருக்குக் கண்புரை நீக்கும்பொருட்டுச் சென்னை சென்று ஒரு திங்கள் தங்க நேர்ந்தது. மருத்துவர் இனி வெளியே செல்லலாம் என்ற பின்னர், ஒருநாட் காலை மூவரும் மெரினாக் கடற்கரைக்குச் சென்று உழைப்பாளர் சிலையைக் கண்டோம். நால்வர் ஒரு பெரும்பாறையை நெம்பிப் பெயர்க்கும் அவ்வுலோகச் சிலை 1959ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதனை ஆக்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பாட்டனார் அச்சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதுகுத் தசையின் முறுக்கையும், மண்ணில் ஊன்றிய காலின் நரம்பையும் சுட்டிக் காட்டி, "கற்றவன் கை என்றால் இதுதான்" என்றார். எம் தங்கை ஒன்றும் பேசவில்லை.

பிற்பகலில் அவள் விருப்பப்படி ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்திற்குச் சென்றோம். சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணாக்கருடனும் நண்பருடனும் கூடி 1966ஆம் ஆண்டில் அமைத்த ஊர் இது. துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் முதலிய கைவினைகளைச் செய்து விற்றுப் பொருளீட்டிக்கொண்டே, எஞ்சிய பொழுதில் தம் உள்ளம் விழைந்த ஓவியங்களைத் தீட்டினர் அவர்கள். வயிற்றுக்காகக் கலையை வளைக்காமல், கலையைக் காப்பதற்காக வேறொரு கைத்தொழிலைக் கொண்டனர் என்க. ஆங்குள்ள காட்சிச்சாலை 2009ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஆசிரியர் படைப்பும் மாணாக்கர் படைப்பும் ஒரே கூரையின்கீழ் இருத்தலே அதன் சிறப்பு.

அங்கே பணிக்கர் ஓவியம் ஒன்றின்முன் பாட்டனார் நின்றுவிட்டார். 1963 முதலாக அவர் தீட்டிய, சொற்களும் குறியீடுகளும் என்னும் வரிசையைச் சார்ந்த முறையில் அமைந்தது அது. கட்டங்கள், வட்டங்கள், இவற்றின் இடையிடையே எழுத்துப்போன்ற பொடிக் கீறல்கள். கையெழுத்துத் திருத்துவதில் பேர்பெற்ற எம் பாட்டனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படிக்க முயன்றார்.

"எழுத்துப்போலத்தான் இருக்கிறது; படிக்க வரவில்லையே. சாதகக் கட்டமா இது?"

"படிக்க வேண்டாம் தாத்தா, பாருங்கள்" என்றாள் தங்கை. அன்று அவரிடம் அவள் பேசிய முதற் சொல் அதுவே.

எமக்கு அப்பொழுது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. காலையிற் கண்ட சிலையை ஆக்கிய ராய் சௌத்ரியே இப்பணிக்கருக்கு ஆசிரியர். சென்னை ஓவியப் பள்ளி 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் ராய் சௌத்ரி. 1957 வரையில் ஏறத்தாழ முப்பதாண்டு அப்பொறுப்பில் இருந்தார். அவருக்குப்பின் அவ்விடத்தை அடைந்தவர் அவர் மாணாக்கராகிய பணிக்கர். ஆசிரியரோ தசையும் நரம்பும் புடைக்க மானிட உருவை வனைந்தவர். மாணாக்கரோ படிக்கவொண்ணா எழுத்தைத் தட்டைத் துணியிற் பரப்பியவர். இவரிடம் அவர் கற்றது யாது?

சற்று மேலே சென்று நோக்கினால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும். ராய் சௌத்ரி வங்கநாட்டு அவனீந்திரநாத் தாகூரின் மாணாக்கர். அவனீந்திரரோ நீரிற் கரைந்தாற்போன்ற மெல்லிய வண்ணங்களால் கனவுபோலும் படங்களைத் தீட்டியவர். அவர் மாணாக்கர் மேனாட்டுச் சிற்பமுறையை மேற்கொண்டு வலிய உலோகத்தில் உழைப்பாளரை வார்த்தார். ஆகவே, பணிக்கர் தம் ஆசிரியரின் வேறுபட்டது, ஆசிரியர் தம் ஆசிரியரின் வேறுபட்டவாறே ஆம். வழிவழியாக வந்தது கையின் பழக்கம் அன்று. தன் கண்ணால் தான் காணும் துணிவே. ராய் சௌத்ரியிடம் பயின்ற மற்றொருவர் சிற்பி எஸ். தனபால். அவர் அரவணைத்து வளர்த்த மாணாக்கருள் ஒருவர் கே. எம். ஆதிமூலம். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல் அடிகளைக் கருங்கோடுகளால் வரைந்தவரும், தமிழ் நூல்கள் பலவற்றின் அட்டையை அழகுறச் செய்தவருமாகிய அவர், பிற்காலத்தில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புக்களைத் தீட்டினார். ஒருவரே தம் வாழ்நாளுக்குள் தமக்கு வழிநூல் செய்துகொண்டார் போலும்!

பணிக்கரைப்பற்றி யாம் அறிந்தவற்றைப் பாட்டனாருக்குச் சொன்னோம். அவர் 1911இற் பிறந்தவர். குடும்பத்தின்பொருட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். பின்னர் 1936இல், தம் 25ஆம் வயதில், ஓவியப் பள்ளியிற் சேர்ந்தவர். தொடக்கத்தில் நீர்நிலைகளையும் தென்னஞ்சோலைகளையும் நீர்வண்ணத்திலேயே தீட்டியவர் என்றோம். அது கேட்டுப் பாட்டனார் அங்கிருந்த பலகையில் அமர்ந்தார்.

"1968இல் நானும் அந்தப் பள்ளியில் சேரவேண்டும் என்று வீட்டில் கேட்டேன். 'சித்திரம் எழுதிச் சோறு தின்ன முடியுமா?' என்றார் என் தகப்பனார். சித்திர வாத்தியார் பரீட்சைக்குத்தான் அனுமதி கிடைத்தது. பரீட்சைக்கு எது வேண்டுமோ அதையே படித்தேன், அதையே சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

பத்தொன்பது ஆண்டாக எம் பாட்டனாரை அறிந்திருந்தும் இதனை அறியாதிருந்தோம். அவர் எம் தங்கையின் படத்தை வெறுக்கவில்லை; அப்படத்தில் தமக்குக் கிட்டாத உரிமை ஒன்றைக் கண்டு திகைத்தார் என்று அப்பொழுது தோன்றிற்று. யாம் சிரித்த சிரிப்புக்கு அத்தகைய காரணம் ஒன்றும் இல்லை.

பின்னர், பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபாலின் சிற்பங்களைக் கண்டோம். 1946இற் பிறந்து 2017இல் மறைந்த இவர், செம்பையும் பித்தளையையும் தகடாக்கி ஒட்டிச் சிற்பம் செய்தவர். இவர் சிற்பங்கள் கோயிற் பிரபைபோல முன்முகம் ஒன்றையே காட்டி நிற்பன. தந்தையின் துணியிற் கிடந்த குறிகள் மைந்தன் கையில் எழுந்து நின்றன போலும் என எமக்குப்பட்டது. தனித்தனியே கண்டிருப்பின் இருவரையும் உறவினர் என்று எண்ணோம். அருகருகே கண்டமையால், தந்தையின் ஓவியத்தில் முன்னர்க் காணாத ஒன்றை மைந்தனின் சிற்பம் எமக்குக் காட்டிற்று. இளையோரை முதியோர் விளக்குவர் என்பது யாவரும் அறிந்ததே. முதியோரையும் இளையோர் விளக்குவர் என்பதை அன்று அறிந்தோம்.

பல தலைமுறையினரின் படைப்புக்களை ஒருங்கு வைக்கும் காட்சியின் பயன் இதுவே என்பது எம் துணிபு. பழையவற்றை ஓர் அறையிலும் புதியவற்றை மற்றோர் அறையிலும் அடைத்துவிட்டால், முதியவர் ஏணியின் கீழ்ப்படியாவர். அல்லது இளையவர் வழிதவறிய பிள்ளைகளாவர். ஒரே சுவரில் வைத்தாலோ இருவரும் ஒருவரையொருவர் வினாவுவர். பார்ப்போர்க்கு அவ்வினாவே கல்வி.

திரும்பும் வழியில், பேருந்தில், பாட்டனார் தங்கையை நோக்கி, "பாட்டி படத்தைக் கொண்டுவந்திருக்கிறாயா?" என்றார்.

"கிழித்துவிட்டேன், தாத்தா."

அவர் சாளரத்தின் வெளியே நோக்கினார். திருவான்மியூர் கடந்தது; அடையாறு கடந்தது. எமக்கு ஒன்றும் சொல்ல நா எழவில்லை. அதன்பின் அவர் மெல்லச் சொன்னார்: "இன்னொன்று வரை. ஆனால் பின்னலைச் சரியாகப் போடு. அவள் இடக்கைக்காரி. ஓலை நீ போட்ட பக்கம் சாயாது, மறுபக்கம் சாயும்."

அவர் அன்று அப்படத்தை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருந்தார் என்பது அப்பொழுதே எங்களுக்குத் தெரிந்தது. எம் தங்கை விடை கூறவில்லை. ஆயினும் பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் விரல் நகத்தால் ஏதோ கீறத் தொடங்கினாள். ஒத்தலும் வேறுபடுதலும் ஒருங்கே கூடும் என்பதற்கு எமக்கு வேறு உரை வேண்டியிருக்கவில்லை.

இனி எம் கல்லூரி அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். நம் பழைய மாணவருட் பலர் வரையவும் வனையவும் வல்லவர். இன்றைய மாணவருள்ளும் பலர் உளர். அடுத்த கல்லூரி நாளில் இருசாரார் படைப்புக்களையும் ஒரு கூடத்தில் வைத்தல் கூடாதா? பழையன ஒருபுறம், புதியன ஒருபுறம் என்று பிரியாமல், கலந்து வைத்தல் வேண்டும் என்பதே யாம் வேண்டுவது. எம் வீட்டினின்று இரண்டு படங்கள் வர இசைந்துள்ளன. ஒன்று பொருநையாற்றுப் படித்துறை. மற்றொன்று, பின்னல் திருத்திப் புதிதாக வரைந்த பாட்டியார். பக்கத்திற் பக்கம் மாட்டினாலன்றித் தரமாட்டோம் என்பது அவ்விருவரும் கூடி விதித்த விதி.