கரிசலில் ஒரு ஃபோர் வீல் டிரைவ்

இந்த செமஸ்டர் லீவுல உருப்படியா என்ன செஞ்சேன்னு கேட்டா, மாமா வாங்கின புது ஃபோர் வீல் டிரைவ் வண்டியை சேத்துல இறக்கிப் பார்த்ததுதான். (கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். அவங்க எனக்கு காசு ஒண்ணும் தரல :-) )

முதல்ல ஊரைப் பத்தி. பெரம்பலூர் மாவட்டம் குன்னம். 2020ல குளத்துல மண் அள்ளும்போது பெரிய பெரிய உருண்டையா கிடைச்சு, 'டைனோசர் முட்டை'ன்னு டிவி வரைக்கும் வந்துச்சே, அதே ஊர்தான். கடைசியில அது முட்டை இல்ல, இங்கே கடல் இருந்த காலத்துப் படிவம்னு சொல்லிட்டாங்க. எங்களுக்கு மக்காச்சோளமும் பருத்தியும் கொடுக்கிறது மேல இருக்கிற கரிசல் மண். வெயில் காலத்துல கால் உள்ளே போற அளவுக்கு வெடிக்கும். மழை பெஞ்சா ஊறி உப்பி, செருப்பைப் பிடுங்கி வச்சுக்கும்.

மாமா இந்த வண்டியை வாங்கினது ஊர் சுத்த இல்லை. அம்மாயி கொல்லையில இருக்கிற வீட்டை விட்டு வரமாட்டேங்குது. மெயின் ரோட்டிலிருந்து ஒண்ணேகால் கிலோமீட்டர் வண்டிப்பாதை. போன வருஷம் மழையில அதுக்கு மூச்சுத் திணறல் வந்தப்போ 108 ரோட்டோட நின்னுடுச்சு. டிராக்டர் டிப்பர்ல படுக்க வச்சுத்தான் கொண்டு வந்தாங்க. "இனிமே அந்தக் கதை வேணாம் மாப்ளே"ன்னு சொல்லித்தான் மாமா கடன் போட்டார்.

இப்படி ரோடு இல்லாத இடத்துல வண்டியைச் சோதிக்கிறது ஜீப் பிறக்கும்போதே ஆரம்பிச்ச விஷயம். 1940ல அமெரிக்க ராணுவம் 49 நாள்ல மாதிரி வண்டி வேணும்னு கேட்டுச்சு. பாண்டம்னு ஒரு சின்ன கம்பெனி செப்டம்பர் 23ம் தேதி கொண்டு போய் நிறுத்துச்சு. மேரிலாண்டுல இருக்கிற ஹோலபேர்ட் ராணுவ முகாம்ல அதை 5,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டி, எது உடையுதுன்னு பார்த்தாங்க. அந்த வழியில வந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் 1947லேர்ந்து மும்பையில மஹிந்திரா பூட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல பி.டி.ஓ. வந்து இறங்கின ஜீப்புக்கெல்லாம் அதுதான் மூதாதை.

இப்போ எல்லாம் கணக்கா வந்துடுச்சு. 2020ல வந்த புது தாரை எடுத்துக்கிட்டா, தரையிலிருந்து உயரம் 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் தண்ணியில இறங்கலாம்னு போட்டிருப்பாங்க. ஆனா எந்த கம்பெனி பேப்பர்லயும் 'கரிசல்'னு ஒரு வரி நான் பார்த்ததில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். புரட்டாசியில காய்ஞ்ச பாதையில ஓட்டினப்போ வண்டி ராஜா மாதிரி போச்சு. கார்த்திகையில ரெண்டு நாள் நல்ல மழை. மூணாம் நாள் காலையில மாமா ஓட்ட, நான் பக்கத்துல. முதல்ல ரெண்டு சக்கர ஓட்டத்துல போனோம். ஐம்பதடியில பின்பக்கம் வழுக்கி வரப்புப் பக்கம் திரும்பிடுச்சு. ஃபோர் ஹைல போட்டதும் கிளம்பி, பாதி தூரம் ஜோரா போச்சு.

அதுக்கப்புறம் ஒரு பள்ளம். ரெண்டு பக்கத்து கொல்லைத் தண்ணியும் அங்கேதான் இறங்கும். வண்டி நின்னுடுச்சு. ஃபோர் லோ போட்டார். சக்கரம் மெதுவா, நல்ல பலத்தோட சுத்துது, ஆனா வண்டி நகரல. இறங்கிப் பார்த்தா டயர் பட்டையில மண் அப்பி, பள்ளமே தெரியாம மழமழன்னு இருக்கு. நாலு டயரும் நாலு களிமண் உருண்டை! அதோட டிராக்டர் போய்ப் போய் ஆன தடத்துல சக்கரம் இறங்கி, நடுமேட்டுல வண்டியோட வயிறு உட்கார்ந்துடுச்சு. தடம் அதைவிட ஆழமா இருந்தா 226 இருந்து என்ன, 250 இருந்து என்ன?

அப்போதான் புரிஞ்சுது. ஃபோர் வீல் டிரைவ் சக்தியை நாலு சக்கரத்துக்கும் கொண்டு போகும், அவ்வளவுதான். பிடிப்பைக் கொடுக்க வேண்டியது மண்ணு. மண்ணு கொடுக்கலைன்னா, ரெண்டு சக்கரம் சும்மா சுத்துறதுக்குப் பதிலா நாலும் சும்மா சுத்தும். எந்த வண்டியா இருந்தாலும் அங்கே இதே கதிதான். காத்தைக் குறைச்சு டயரை அகலப்படுத்திப் பார்த்தோம். மக்காச்சோளத் தட்டையை அடியில போட்டோம். ரெண்டடி நகர்ந்துச்சு. கடைசியில பக்கத்து கொல்லைக்காரர் டிராக்டரைக் கொண்டு வந்து சங்கிலி போட்டு இழுத்தார். அதோட பெரிய சக்கரத்துல இருக்கிற ஆழமான பட்டை மண்ணை உதறிக்கிட்டே போகுது.

நடந்தே போய் அம்மாயியைப் பார்த்தோம். "மழை விட்டு மூணு நாள் பொறுத்து வந்தா மண்ணே வழி விடும்டா"ன்னு சிரிச்சுது. மாமா சிரிக்கல. "மூச்சு மூணு நாள் பொறுக்குமாம்மா?"ன்னு கேட்டார். அம்மாயி ஒண்ணும் சொல்லல.

ஆனா சோதனை வீணாகலை. ஒண்ணேகால் கிலோமீட்டர்ல மத்த இடமெல்லாம் எப்படியோ தாண்டிடலாம், மாட்டிக்கிறது அந்தப் பள்ளத்துல இருக்கிற நூத்தைம்பது அடி மட்டும்தான்னு வண்டி காட்டிக் கொடுத்துடுச்சு. தை மாசம் அந்தப் பாதையில கொல்லை வச்சிருக்கிற நாலு குடும்பமும் சேர்ந்து காசு போட்டாங்க. முதல்ல ஓரமா வாய்க்கால் வெட்டி தண்ணியைத் திருப்பினாங்க. வெறும் கிராவலைக் கொட்டினா கரிசல் ஒரே மழையில முழுங்கிடும்னு பெரியவங்க சொன்னதால, அடியில பெரிய கல்லு, அதுமேல சரளைன்னு போட்டாங்க.

மாமாவோட கடன் இன்னும் நாலு வருஷம் ஓடும். அந்த நூத்தைம்பது அடிக்கு ஆன செலவு அவர் கட்டுற ரெண்டு மாசத் தவணைகூட இல்லை. வரப்போற ஐப்பசி மழையில மறுபடியும் சோதனை. இந்தத் தடவை வண்டியை இல்லை, பாதையை. அது நின்னா 108 வேனே அம்மாயி வாசல் வரைக்கும் வரும்.