லண்டன் அரண்மனை எதிரே ஒரு வாத்து ஏரி: பிரெட் போட மட்டும் கூடாது!

லண்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பக்கிங்காம் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். காவலர்கள் பணி மாறும் அணிவகுப்பைப் பார்த்து, இரும்புக் கேட் முன்னால் செல்ஃபி எடுத்த பிறகு, காலாற நடக்க எல்லோரும் நுழையும் இடம் எதிரே இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. 57 ஏக்கர் பரப்பு. நடுவில் வளைந்து நெளிந்து கிடக்கும் ஓர் ஏரி. அதன் குறுக்கே உள்ள பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் அரண்மனை, மறுபக்கம் பழைய அரசாங்கக் கட்டடங்களின் கூம்பு முகடுகள்.

ஆனால் குழந்தைகளின் கண் கட்டடங்கள் மீது போகாது. பச்சைத் தலை மல்லார்டு வாத்துகள், நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு நாமக்கோழிகள், கழுத்தை வளைத்து மிதக்கும் அன்னங்கள், படகு மாதிரி அலகோடு கூழைக்கடாக்கள் என ஏரி முழுக்கப் பறவைகள். மனிதர்களைக் கண்டு பயப்படுவதும் இல்லை. கரையோரம் வந்து அண்ணாந்து பார்க்கும். கையில் இருக்கும் சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துப் போட யாருக்கும் தோன்றும்.

அதைத்தான் வேண்டாம் என்கிறது பூங்கா நிர்வாகம். பறவைகளுக்குத் தயவுசெய்து உணவு போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. பசித்த உயிருக்கு ஒரு வாய் கொடுப்பது புண்ணியம் என்று வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தெரியலாம். காரணம் தெரிந்தால் அப்படித் தோன்றாது.

ராஜாவே தீனி போட்ட இடம்

ஒருகாலத்தில் இது வெறும் சதுப்பு நிலம். 1532-ல் எட்டாம் ஹென்றி மன்னர் இதைத் தன் வசமாக்கினார். பின்னால் வந்த முதலாம் ஜேம்ஸ், ஒட்டகம், முதலை, யானை எல்லாம் கொண்டு வந்து இங்கே வைத்திருந்தார். அவருடைய பறவைக் கூண்டுகள் இருந்த பாதைக்கு இன்றும் 'பேர்ட்கேஜ் வாக்' என்றுதான் பெயர்.

1660-ல் அரியணை ஏறிய இரண்டாம் சார்லஸ் இங்கே நீண்ட கால்வாய் ஒன்றை வெட்டினார். அவர் நாய்களோடு உலாவியபடி தன் கையாலேயே வாத்துகளுக்குத் தீனி போடுவாராம். 1664-ல் ரஷ்யத் தூதர் அவருக்குக் கூழைக்கடாக்களைப் பரிசாகக் கொடுத்தார். அன்று முதல் இங்கே கூழைக்கடாக்களை வளர்க்கும் மரபு தொடர்கிறது. நேர்கோடாக இருந்த கால்வாயை, கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் 1827-ல் இன்றைய வளைந்த ஏரியாக மாற்றினார்.

ஆக, இங்கே வாத்துக்குத் தீனி போடுவது 350 ஆண்டுப் பழக்கம். அன்று போட்டது ஒரு ராஜா. இன்று உலகமே வந்து போடுகிறது. சிக்கல் அங்கேதான்.

வயிறு நிறையும், உடம்பு தேறாது

பிரெட் விஷம் அல்ல. ஒரு துண்டைத் தின்றதால் எந்த வாத்தும் செத்துப்போவதில்லை. ஆனால் வாத்துக்கு அது சாப்பாடும் அல்ல. ஒரு மல்லார்டு வாத்து நாள் முழுக்கத் தேடித் தின்பது நீர்ச்செடி, விதை, நத்தை, புழு, பூச்சி. மாவுச்சத்து, புரதம், சுண்ணாம்புச் சத்து எல்லாம் அதில் கலந்து கிடைத்துவிடும். வெள்ளை பிரெட்டில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். தினமும் சிப்ஸ் பாக்கெட்டால் வயிற்றை நிரப்பிக்கொண்டு, சோறு வேண்டாம் என்று சொல்லும் குழந்தையின் கதைதான் இதுவும்.

பெரிய பறவை எப்படியோ தாங்கிக்கொள்ளும். குஞ்சு தாங்காது. முட்டையிலிருந்து வந்த முதல் வாரங்களில் அதற்குத் தேவை புரதம். தண்ணீர்ப் பூச்சிகளைத் துரத்திப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பருவமும் அதுதான். கரையில் சுலபமாகப் பிரெட் கிடைத்தால் அந்தப் பாடம் தடைபடும்.

பூஞ்சை பிடித்த பழைய பிரெட் இன்னும் மோசம். 'வீணாகப் போவதை வாத்துக்குப் போடலாமே' என்று எடுத்துவரும் அந்தப் பாக்கெட்டில் இருக்கும் பூஞ்சை, பறவையின் நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுக்கலாம்.

பெயரில் மட்டும் தேவதை

வாத்து, அன்னக் குஞ்சுகளுக்கு வரும் ஒரு குறைபாட்டை 'ஏஞ்சல் விங்', அதாவது தேவதைச் சிறகு என்கிறார்கள். சிறகின் மணிக்கட்டு மூட்டு முறுக்கிக்கொண்டு, இறகுகள் உடம்போடு படியாமல் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும். வளர்ந்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. அந்தப் பறவை ஆயுளுக்கும் பறக்காது.

சத்துக் குறைந்த, மாவு மிகுந்த தீனியால் குஞ்சு வேகமாக எடை போடுவது இதற்கு ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எல்லோரும் இதை ஏற்பதில்லை. பிரிட்டன் அரச குடும்பத்தின் அன்னங்களைக் கணக்கெடுக்கும் அதிகாரியே, பிரெட்டுக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை என்று சில ஆண்டுகளுக்கு முன் அறிக்கை விட்டார். பிரெட்டைத் திடீரென்று நிறுத்தினால் அதையே நம்பிப் பழகிய அன்னங்கள் மெலிந்துபோகும் என்பது அவருடைய கவலை.

சிறகைப் பற்றிய விவாதம் ஒருபக்கம் நடக்கட்டும். பறவை தின்னாமல் விட்ட மிச்சத்தைப் பற்றிய கதை வேறு.

மிச்சம் எங்கே போகிறது?

ஒரு நாளில் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு துண்டு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு 30 கிராம் என்றால் 30 கிலோ. வயிறு நிறைந்த வாத்துகள் விட்டது போக மீதி தண்ணீரில் ஊறி அடியில் படியும். தின்றதும் எச்சமாக அதே தண்ணீருக்குத்தான் வரும்.

செயின்ட் ஜேம்ஸ் ஏரி ஆழம் குறைந்த செயற்கை ஏரி. இப்படிப்பட்ட நீர்நிலையில் பிரெட்டும் எச்சமும் அழுகினால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடும். அது பாசிக்கு உரம். பாசி மண்டிச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மூச்சுத் திணறும். வெயில் காலத்தில் ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் பாக்டீரியா பெருகலாம். அதன் நஞ்சு ஏறிய பறவையால் கழுத்தைக்கூட நிமிர்த்த முடியாது. செத்த பறவையில் நெளியும் புழுவில் நஞ்சு சேர்ந்திருக்கும். அந்தப் புழுவைத் தின்னும் அடுத்த பறவைக்கும் அதே கதி.

தீனி கிடைக்கும் இடத்தில் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் பறவைக் காய்ச்சல் போன்ற தொற்று சுலபமாகத் தாவும். கரையில் சிதறியதைத் தேடி இரவில் எலிகள் வரும். அவை முட்டைகளையும் விட்டுவைக்காது. வாத்துக்குப் போட்ட ஒரு துண்டு, கடைசியில் வாத்தின் கூட்டுக்கே வினையாகிறது.

வேடந்தாங்கல் கணக்கு

'எச்சம் அவ்வளவு கெடுதல் என்றால் வேடந்தாங்கல் எப்படி நன்றாக இருக்கிறது?' என்று நம் ஊர்க்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கேயும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில்தான் விழுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை. வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ந்து நெல்லுக்கு உரமாகிறது. கோடையில் ஏரி வற்றி, மழைக்கு மறுபடி நிரம்புகிறது. சுற்றுவட்டார வயல்களில் நத்தையைக் கொத்தித் தின்று வரும் நத்தைகுத்தி நாரை, அந்தச் சத்தைத் திரும்ப வயலுக்கே கொடுக்கிறது.

இந்தக் கணக்கு கிராமத்தாருக்கு எப்போதோ தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தாகவே வாங்கினார்கள். யாரும் அந்தப் பறவைகளுக்குக் கைநீட்டித் தீனி போட்டதில்லை. ஏரியையும் மரத்தையும் காத்தார்கள். பறவைகளுக்கு அது போதும்.

பூங்கா ஏரிக்கு அப்படி வயல் இல்லை. உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும். நம் கோயில் குளங்களில் மீனுக்கென்று மூட்டை மூட்டையாகப் பொரி கொட்டும்போதும் இதே கணக்குதான்.

போகிறவர்கள் என்ன செய்யலாம்?

தீனி போட அனுமதி உள்ள குளங்களும் பிரிட்டனில் உண்டு. அங்கே பிரெட்டுக்குப் பதில் உறைபதம் நீங்கிய பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம், ஓட்ஸ், பொடியாக நறுக்கிய லெட்டூஸ் கீரை கொண்டு போகலாம். கொஞ்சமாக, பறவை தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும். செயின்ட் ஜேம்ஸில் அதுவும் வேண்டாம். பை மூடியே இருக்கட்டும்.

தீனி போடுவதைக் குழந்தைகள் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மதியம் 2.30 மணி வாக்கில், ஏரியின் கிழக்கு முனையில் உள்ள டக் ஐலண்ட் பக்கம் போய் நிற்கலாம். பூங்கா ஊழியர்கள் கூழைக்கடாக்களுக்குப் புது மீன் கொடுக்கும் நேரம் அது. மீனை அலகுப் பையில் வாங்கி, தண்ணீரை வடித்து, தலையை உயர்த்தி ஒரே மடக்கில் விழுங்கும். கரை முழுக்கக் கேமராக்கள். அந்த நேரத்தில் கையில் இருக்கும் சாண்ட்விச் யாருக்கும் ஞாபகம் வராது.