எல்லோரிடமும் கேளுங்கள்

2024 ஒக்டோபர் 13ஆம் திகதி சிக்காகோ நகரில் கென்ய நாட்டுப் பெண்ணான ரூத் செப்ங்கெடிச், மரதன் ஓட்டத்தை 2 மணித்தியாலம் 9 நிமிடம் 56 செக்கனில் ஓடி முடித்தார். 2 மணித்தியாலம் 10 நிமிடத்துக்குள் அத்தூரத்தைக் கடந்த முதற் பெண் அவர்தான். அதற்கு முந்திய உலக சாதனை 2023இல் பேர்லினில் எத்தியோப்பியாவின் திகிஸ்ட் அசெபா நிலைநாட்டிய 2:11:53 ஆகும். ஒரே ஓட்டத்தில் 1 நிமிடமும் 57 செக்கன்களும் கழிந்து போயின.

நான் கணிதம் படிப்பிப்பவன். செய்தியை வாசித்ததும் கை தானாகவே கடதாசியைத் தேடிற்று. வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 18.5 செக்கன் வருகிறது. எங்கள் பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்பால் கீறும் சுற்று 200 மீற்றர். அதை 37 செக்கனில் ஒரு தரம் ஓடி வருகின்ற பிள்ளையை நாங்கள் கெட்டிக்காரி என்போம். அந்தப் பெண் அதே வேகத்தில் நிற்காமல் 211 சுற்றுக்கள் ஓடியிருக்கிறார். இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் செய்து காட்டியபோது பின்வாங்கிலிருந்த ஒருவன், "சேர், பொய்தானே?" என்று கேட்டான்.

அதே கேள்வியை, கொஞ்சம் நாகரிகமான சொற்களில், சிக்காகோவிலும் ஒரு பத்திரிகையாளர் அவரிடமே கேட்டுவிட்டார். மனிதர்கள் பேசத்தான் செய்வார்கள் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். கென்யாவில் பெரும் கோபம் கிளம்பியது. அந்நாட்டு மெய்வல்லுநர் சங்கம் அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டது.

அடுத்த வருடம் கதை மாறியது. 2025 மார்ச் 14ஆம் திகதி அவரிடமிருந்து எடுக்கப்பட்ட சிறுநீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைட் என்னும் மருந்து இருந்தது. பெயர்தான் பெரிது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இருக்கும் பிரஷர் குளிசைதான் அது. உடம்பிலுள்ள நீரை வெளியேற்றும். அப்படி வெளியேற்றும்போது வேறு மருந்துகளின் தடயமும் ஐதாகிப் போகும் என்பதனால் விளையாட்டில் அது தடை. அறிவிக்க வேண்டிய எல்லை மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம். அவருடைய மாதிரியில் இருந்தது 3,800. எப்படி வந்ததென்று தெரியாது என்று முதலில் சொன்னவர், வீட்டுப் பணிப்பெண்ணின் குளிசையைச் சுகயீனத்தின்போது விழுங்கியதாகப் பின்னர் சொன்னார். ஒக்டோபரில் மூன்று வருடத் தடை அறிவிக்கப்பட்டது. மார்ச் 14க்கு முந்திய பெறுபேறுகள் செல்லும் என்பதும் அதே தீர்ப்பில் அடங்கியிருந்தது. சிக்காகோ நேரத்தை அத்தீர்ப்பு அழிக்கவில்லை.

சிக்காகோவில் அவர் எதையும் உட்கொண்டு ஓடியதாக எவரும் நிரூபிக்கவில்லை. ஆகவே நானும் அப்படிச் சொல்லப் போவதில்லை. நான் பேச விரும்புவது அந்தச் செய்தி வந்த கிழமை எங்கள் ஆசிரியர் அறையில் கேட்ட ஒரு வசனத்தைப் பற்றி.

"எல்லாரும் கள்ளன்தான் சேர். ஆப்பிட்டவன் ஆப்பிட்டான், மத்தவன் இன்னும் ஆப்பிடல்ல" என்றார் சக ஆசிரியர் ஒருவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேத்தண்ணிக் கடையிலும் இதே வசனம்தான். அதைச் சொல்பவருக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் கென்யாவின் மேட்டு நிலத்தில் விடியற்காலை எழும்பிச் சுத்தமாக ஓடுகின்ற ஒரு பிள்ளை இருக்குமானால், அந்த வசனம் அதன் தலையில்தான் விழுகிறது. ஊக்கமருந்து உண்டவன் திருடுவது பதக்கத்தை மாத்திரம் என்று நாம் எண்ணுகிறோம். உண்ணாதவனை நம்புவதற்கு ஊரிடம் இருந்த மனத்தையும் அவன் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறான்.

இது நமது நாட்டுக்குத் தெரியாத சங்கதியுமல்ல. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திக்கா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த அமெரிக்காவின் மெரியன் ஜோன்ஸ் 2007இல் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சுசந்திக்காவுக்கு வெள்ளிப் பதக்கம் என்று 2009 டிசம்பரில்தான் தீர்மானிக்கப்பட்டது. ஒன்பது வருடம் பிந்தி வந்த பதக்கத்துக்கு மைதானமும் இல்லை, கைதட்டலும் இல்லை. இதே சுசந்திக்காதான் 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டவர். ஒரே பெண்ணைச் சந்தேகமும் வாட்டியது, மற்றவரின் களவும் வாட்டியது.

நம்புவதும் நம்பாததும் நமக்கு எவ்வளவு இலேசாக வருகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 1500 மீற்றரை பஹ்ரைன் கொடியின் கீழ் ரஷீத் ரம்ஸி வென்றபோது எங்கள் ஊர்ச் சந்தியில் வெடி கொளுத்தாத குறை. நமது பெயரொன்று முதலாவதாக வந்துவிட்டதல்லவா! அன்று எவரும் "பொய்தானே?" என்று கேட்கவில்லை. 2009இல் அவருடைய மாதிரியை மறுபரிசோதனை செய்து தங்கத்தைத் திருப்பி எடுத்தார்கள். அது இரண்டாவதாக வந்த கென்யாவின் அஸ்பெல் கிப்ரொப்புக்குப் போனது. அடுத்தவனின் களவால் தங்கத்தை இழந்து நின்றவர் என்று கிப்ரொப்புக்காக இரங்கியவர்கள் பலர். அந்தக் கிப்ரொப்பும் 2017இல் எடுத்த மாதிரியில் ஈபிஓ கண்டுபிடிக்கப்பட்டு 2019இல் நான்கு வருடத் தடை பெற்றார். ஆளைப் பார்த்தோ, கொடியைப் பார்த்தோ, முகத்தின் அப்பாவித்தனத்தைப் பார்த்தோ முடிவு சொல்லக் கூடாது என்பதை எனக்குப் படிப்பித்தது இந்த ஒரு பதக்கம்.

அப்படியானால் எப்படித்தான் முடிவு சொல்வது? இவ்விடத்தில் எனது பாடசாலைப் பிள்ளை ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017இல் வலயமட்டப் போட்டியில் 16 வயதுக்குட்பட்டோருக்கான 1500 மீற்றரை அவன் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தான். வாப்பா கடலுக்குப் போகிறவர். ஓடி முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள் ஆட்சேபனை மனு வந்துவிட்டது: பிள்ளைக்கு வயது கூட. அவனது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் முதற் பிரதி 2004 டிசம்பர் 26இல் வீட்டோடு கடலுக்குப் போனது. எங்களிடம் இருந்தது 2006இல் எடுத்த பிரதி. பிந்திய திகதியைக் கண்டதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பெறுபேற்றை நிறுத்தி வைத்தார்கள். நானும் வாப்பாவும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, பதிவேட்டின்படி வயது சரியென்ற கடிதத்தைப் பெற்று வர பதினொரு நாட்கள் சென்றன. மாகாணப் போட்டி எட்டாம் நாளே முடிந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது வாப்பா, "மகன் ஓடினது ஓடினதுதானே சேர்? கடதாசியா ஓடின?" என்று கேட்டார். பிள்ளை கேட்டது வேறு. "அவங்க கேட்டது பிழயில்ல சேர். எல்லாருக்கிட்டயும் கேட்டிருந்தா நானும் காட்டியிருப்பன். எனக்கிட்ட மட்டும் ஏன் கேட்டாங்க?"

இரண்டாவதாக வந்தவனின் பத்திரத்தை அன்று எவரும் விரித்துப் பார்க்கவில்லை. அவனும் நேர்மையான பிள்ளையாகவே இருந்திருப்பான். ஆனால் வென்றவனிடம் மாத்திரம், அதுவும் வெறுங்காலோடு வந்து வென்றவனிடம் மாத்திரம் கேட்டபோது அது பரிசோதனையாக இல்லாமல் அவமதிப்பாகிவிட்டது. அந்தப் பிள்ளையின் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் இப்போதெல்லாம் ஓட்டச் செய்திகளை வாசிக்கிறேன்.

கென்யாவின் சபஸ்டியன் சாவே செய்த காரியம் என் மனத்தைத் தொட்டதும் அதனால்தான். 2024 டிசம்பரில் வலன்சியாவில் தனது முதல் மரதனை 2:02:05இலும், 2025 ஏப்ரலில் லண்டனில் இரண்டாவதை 2:02:27இலும் ஓடி வென்றவர் அவர். கென்யர் ஒருவர் வேகமாக ஓடினால் உலகம் என்ன நினைக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே 2025 செப்டெம்பரில் பேர்லினில் ஓடுவதற்கு முன்னர், என்னைக் கூடுதலாகப் பரிசோதியுங்கள் என்று அவரது தரப்பே போய்க் கேட்டது. அதற்காக அவரது சப்பாத்துக் கொம்பனியான அடிடாஸ், மெய்வல்லுநர் நேர்மைப் பிரிவுக்கு 50,000 டொலர் வரை கொடுத்தது. இரண்டு மாதங்களுக்குள் 25 தடவைகள் இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். பிறகு வெயில் நாளொன்றில் 2:02:16இல் ஓடி வென்றார். எவரும் சந்தேகிக்கும் முன்னரே தனது பத்திரத்தைத் தானே விரித்துக் காட்டிய மனிதர் என்று அவரை நான் மதிக்கிறேன்.

மதிக்கும்போதே ஒரு கவலையும் வருகிறது. 50,000 டொலர் என்றால் நமது காசில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபா. தன் நேர்மைக்குப் பற்றுச்சீட்டு வாங்க அவ்வளவு காசு தேவையென்றால், சப்பாத்துக் கொம்பனி இல்லாத ஓட்டக்காரன் எங்கே போவான்? ஐரோப்பாவின் சிறு நகர ஓட்டமொன்றில் ஆயிரம் டொலர் பரிசுக்காக ஓடிவிட்டு, அதைக் கொண்டு தம்பி தங்கைகளின் பாடசாலைக் கட்டணத்தைக் கட்டுபவனிடம் எந்தப் பற்றுச்சீட்டு இருக்கும்? இனிமேல் சுத்தமானவர்களிலும் இரண்டு சாதி உண்டாகும்: காசு கட்டி நிரூபித்த சுத்தம், காசில்லாததால் சந்தேகத்திலேயே கிடக்கும் சுத்தம்.

முன்னணி வீரர்களுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது. பட்டியலில் உள்ளவர் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் தான் எங்கே இருப்பார் என்று முற்கூட்டியே அறிவிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை தவறினால் குற்றம். முன்னாள் உலக சாதனையாளர் வில்சன் கிப்சங் இப்படித் தவறியதற்கும், பொய்க் காரணம் காட்டியதற்கும் 2020இல் நான்கு வருடத் தடை பெற்றார். ஆனால் அந்தப் பட்டியல் சிறியது. ஓடிப் பிழைப்போரின் கூட்டம் பெரியது. தடை வந்துவிடும் என்ற பயத்தில் 2022இல் கென்ய அரசாங்கம் வருடத்துக்கு 5 மில்லியன் டொலர் வீதம் ஐந்து வருடங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. பாதை அதுதான் என்பது என் அபிப்பிராயம். சிக்காகோவில் வெல்பவருக்கு 100,000 டொலர் பரிசு கொடுக்க முடியுமானால், அந்தப் பணம் வரும் இடத்திலிருந்தே பரிசோதனைக்கான பணமும் வர வேண்டும். ஏற்பாட்டாளர்களும் கொம்பனிகளும் தமக்குப் பிடித்த வீரரின் பெயரில் கொடுக்காமல், பெயரே எழுதாமல் பொது உண்டியலில் போட வேண்டும். ஆரைப் பரிசோதிப்பது என்பதைக் காசு தீர்மானிக்கக் கூடாது.

இது பெரிய மண்டபங்களில் மட்டும் பேச வேண்டிய விசயமல்ல. எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் நடக்கும் மரதன் ஓட்டத்தில், ஊரின் மறு கோடியில் திரும்பும் இடத்தில் ஓர் ஆசிரியை ஒரு பொதி ரப்பர் வளையத்தோடு நிற்பார். வருகின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுப்பார். அதைக் கையில் போட்டுக்கொண்டு வந்தால்தான் முடிவுக்கோட்டில் கணக்கெடுப்போம். முதலாவதாக வருபவனுக்கும் வளையம் உண்டு, நொண்டிக்கொண்டு கடைசியாக வருபவனுக்கும் உண்டு, அதிபரின் மகனுக்கும் உண்டு. இத்தனை வருடத்தில், "என்னை நம்பவில்லையா சேர்?" என்று ஒரு பிள்ளையாவது அதற்காகக் கோபித்தது கிடையாது. ஒரு பொதி வளையத்துக்குப் பாடசாலை கொடுக்கும் காசும் மிகச் சொற்பம்.

அந்தப் பையன் இப்போது வாப்பாவோடு கடலுக்குப் போகிறான். சென்ற வருட மரதனுக்குத் திரும்புமிடத்தில் உதவிக்கு ஆள் போதாமல் அவனைக் கூப்பிட்டேன். வந்தான். கடைசிப் பிள்ளை வரும்வரை வெயிலில் நின்று, ஒருவரையும் விடாமல் வளையம் கொடுத்து முடித்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தான்.