சிவப்புப் புள்ளியா, ஹோலோகிராமா?

ஒரு காவலரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், அதன் வட கோடி, சுப்பீரியர் ஏரிக்கரை. ஜனவரி ராத்திரியில் மைனஸ் இருபது டிகிரி என்பது அங்கே பேச்சுக்குக்கூட எடுக்காத விஷயம். பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன ஸ்டேஷன். ஷிப்ட் 12 மணி நேரம். ரோந்துக் காரில் ஒரு ஏ.ஆர்-15 ரைபிள் பூட்டி வைத்திருக்கும். ரைபிளைத் துறை கொடுத்துவிட்டது. அதன்மேல் பொருத்திக் குறிபார்க்கும் 'சைட்' மட்டும் அவரவர் சொந்தக் காசில். (அங்கே பல ஊர்களில் இப்படித்தான். நம் ஊர் ஏட்டையாவிடம் சொன்னால் சிரிப்பார்.)

கையில் இருப்பது ஐந்நூறு டாலர் சொச்சம். வீட்டில் ஒரு பெண் குழந்தை, கார் லோன், இத்யாதி. கடைக்காரர் மேஜையில் இரண்டு பொருட்களை வைக்கிறார். ஒன்று, குட்டைக் குழாய் மாதிரி இருக்கும் ரெட் டாட். இன்னொன்று, சின்ன டிவி பெட்டி மாதிரி இருக்கும் ஹோலோகிராஃபிக் சைட். இரண்டிலும் எட்டிப் பார்த்தால் சிவப்பாக ஏதோ ஒன்று தெரிகிறது. எதை வாங்குவது?

கேட்க அற்ப விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அவர் சுடும் ஒவ்வொரு தோட்டாவும் எங்கே போய் விழுந்தது என்பதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். குறி நாலு அங்குலம் தள்ளிப் போனால், பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருவர் செத்துப்போகலாம். அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

முதலில், இதெல்லாம் எதற்கு? பழைய ரைபிளில் பின்னால் ஒரு துளை, முன்னால் ஒரு முள், அதற்கும் அப்பால் இலக்கு. மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். ஆனால் மனிதக் கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் ஃபோகஸ் நிற்கும். முள்ளைப் பார்த்தால் இலக்கு மங்கும், இலக்கைப் பார்த்தால் முள் மங்கும். நாற்பது வயதுக்கு மேல் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் டப்ளினில் டெலஸ்கோப் செய்துகொண்டிருந்த ஹோவர்ட் க்ரப். வருடம் 1900. ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்கள். உள்ளே எரிகிற ட்யூப்லைட், கண்ணாடிக்கு வெளியே வயல்காட்டின் மேல் மிதக்கிற மாதிரித் தெரியும். க்ரப் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். கூடவே வெளிச்சத்தின் கதிர்களை இணையாக்கி அனுப்பினார். அதனால் அந்தப் பிம்பம் வெகு தொலைவில், இலக்கு இருக்கும் இடத்திலேயே, மிதப்பது போலத் தெரிந்தது. கண் இலக்கைப் பார்த்தால் போதும், குறியும் தெளிவாகவே தெரியும். இரண்டாம் உலகப்போர் போர்விமானங்களில் இது சகஜமாகிவிட்டது. ரைபிளுக்கு வர மட்டும் தாமதம். அந்தச் சின்ன இடத்தில் வைக்கத் தோதான விளக்கும் பேட்டரியும் அப்போது கிடையாது.

நடுவில் ஒரு சுவையான சம்பவம். 1970 நவம்பர் 21, வியட்நாம் போர். ஹனோய் அருகே சோன் டே என்ற சிறைமுகாமில் இருந்த அமெரிக்கக் கைதிகளை மீட்க ஒரு சிறப்புப் படை ராத்திரியில் போய் இறங்கியது. அவர்கள் ரைபிள்களில் இருந்தது சிங்கிள்பாயிண்ட் என்ற சைட். அதன் வழியாக எதிரே எதுவும் தெரியாது, முன்பக்கம் அடைத்திருக்கும்! ஒரு கண் சைட்டுக்குள் சிவப்புப் புள்ளியைப் பார்க்கும், இன்னொரு கண் வெளியே இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒட்டிவைக்கும். வெளிச்சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொருள் அது. அவ்வளவு ஏற்பாட்டோடு போய் இறங்கினால் முகாமில் கைதி ஒருவர்கூட இல்லை. முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது தனிக்கதை.

1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் எலக்ட்ரானிக் ரெட் டாட் சைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழாயின் ஓரத்தில் ஒரு பொட்டு எல்.இ.டி. எதிரே லேசாக வளைந்த கண்ணாடி. அதன் பூச்சு சிவப்பு நிறத்தை மட்டும் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், மற்ற வெளிச்சத்தை உள்ளே விடும். அவ்வளவுதான் சூட்சுமம். 1997-ல் அமெரிக்க ராணுவம் ஒரே ஆர்டரில் ஒரு லட்சம் சைட் கேட்டது.

ஹோலோகிராமின் கதை வேறு. அந்த யோசனை டென்னிஸ் கேபாருடையது (1971-ல் நோபல் பரிசு வாங்கினார்). லேசரை வைத்து அதை உருப்படியாகச் செய்துகாட்டியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்மெட் லீத்தும் யூரிஸ் உபாட்னியெக்ஸும், 1960-களின் ஆரம்பத்தில். அவர்கள் எடுத்த பொம்மை ரயில் ஹோலோகிராம் உலகப் பிரசித்தம். அந்த ஆய்வுப் பரம்பரையில், அதே ஆன் ஆர்பர் நகரில், 1990-களில் வந்ததுதான் இ.ஓ.டெக். நம் காவலர் இருக்கும் மாநிலத்துச் சரக்கு!

இதில் எல்.இ.டி. கிடையாது, லேசர் டயோட். கண்ணாடி ஜன்னலுக்குள்ளேயே குறியின் வடிவம் ஹோலோகிராமாகப் பதிந்திருக்கும். லேசர் பட்டதும் ஒரு வட்டமும் நடுவில் புள்ளியும் வெளியே மிதந்து நிற்கும். ஹோலோகிராமில் ஒவ்வொரு துண்டிலும் முழுப் படமும் அடங்கியிருக்கும் என்பதால், ஜன்னல் உடைந்து பாதிதான் மிச்சம் என்றாலும் அந்தப் பாதியில் குறி தெரியும். (டாஸ்மாக் பாட்டில் ஸ்டிக்கரும் ஹோலோகிராம்தான். அதை மட்டும் ரைபிளில் ஒட்டிப் பார்க்க வேண்டாம்.)

அந்த வட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், அவ்வளவு அழகான விஷயம். ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு எம்.ஓ.ஏ. 100 கெஜ தூரத்தில் அது ஏறக்குறைய ஓர் அங்குலம். இ.ஓ.டெக்கின் வட்டம் 68 எம்.ஓ.ஏ. அதாவது 100 கெஜத்தில் சுமார் 71 அங்குலம், நின்றிருக்கும் ஆளின் உயரம். ஆள் வட்டத்துக்குள் சரியாக அடங்கினால் 100 கெஜம், பாதிதான் வருகிறார் என்றால் 200 கெஜம் என்று கண்ணாலேயே கணக்குப் போடலாம். இன்னொன்று, சைட் இருப்பது குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே. பத்தடி இருபதடி தூரத்தில் புள்ளியை வைத்துச் சுட்டால் தோட்டா கிட்டத்தட்ட அந்த இரண்டரை அங்குலம் கீழேதான் போய்ப் படும். ஏழு கெஜத்தில் வட்டத்தின் அடிவிளிம்பை வைத்துச் சுட்டால் சரியாகப் படும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வட்டத்தின் பாதியான 34 எம்.ஓ.ஏ. ஏழு கெஜத்தில் வருவதும் அதே இரண்டரை அங்குலம்தான்! ரெட் டாட்டில் வெறும் புள்ளி. மேலே தூக்கிப் பிடிக்க வேண்டியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கடைக்கு வருவோம். காவலர் ரெட் டாட்டைக் கண்ணில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். வட்டப் புள்ளிக்குப் பதிலாக ஒரு கமா தெரிந்தது, வால் முளைத்த கமா. பொருள் டூப்ளிகேட்டோ என்றுகூடச் சந்தேகம். கடைக்காரர் சிரித்துவிட்டு, செல்போன் கேமராவைச் சைட்டுக்குப் பின்னால் வைத்துக் காட்டினார். கேமராவில் புள்ளி ஜம்மென்று வட்டமாக இருந்தது. பழுது சைட்டில் இல்லை, கண்ணில். அஸ்டிக்மாடிசம். நம் ஊர்க் கண்ணாடிக்கடையில் 'சிலிண்டர் பவர்' என்பார்களே, அதேதான். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் ஒளிப்புள்ளி இழுபட்டுத் தெரிகிறது. பலருக்கு இருக்கும். தெரியாமலேயே காலத்தை ஓட்டியிருப்பார்கள்.

ஹோலோகிராமில் பார்த்தால் வட்டம் கொஞ்சம் பொடிப்பொடியாக இருந்தாலும் கமா இல்லை. எல்லோருக்கும் இப்படி என்று சொல்ல முடியாது. இவர் கண்ணுக்கு ஒத்துக்கொண்டது. ஜன்னலும் அகலம், இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் சைட் இருப்பதே தெரியவில்லை. கை பாதி பர்ஸுக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் 2015-ஆம் வருடத்தை நினைக்காமல் பர்ஸைத் திறக்கக் கூடாது.

லேசர் டயோடுக்கு ஒரு கெட்ட குணம். சூடு, குளிர் மாறினால் அது உமிழும் அலைநீளமும் மாறும். ஹோலோகிராம் அலைநீளத்தை நம்பிப் பிழைக்கிற சமாசாரம், குறி இடம் மாறிவிடும். இதை ஈடுகட்ட உள்ளே இன்னொரு கீற்றுப் பட்டையை வைத்திருப்பார்கள். ஈடுகட்டுதல் போதுமானதாக இல்லை என்றால்? அமெரிக்கச் சிறப்புப் படைகள் அந்த சைட்களை வாங்கிக் குவித்திருந்தன. 2015 செப்டம்பரில் அவர்களே ஓர் எச்சரிக்கை விட்டார்கள். கடுங்குளிருக்கும் கடும் வெயிலுக்கும் இடையில் குறி 4 எம்.ஓ.ஏ. வரை இப்படியோ அப்படியோ நகரலாம் என்று. 100 கெஜத்தில் நாலு அங்குலம், 300 கெஜத்தில் ஒரு அடி.

அதைவிடப் பெரிய செய்தி நவம்பரில் வந்தது. அமெரிக்க அரசு நியூயார்க்கில் வழக்குப் போட்டு, அப்போது இ.ஓ.டெக்கை வைத்திருந்த எல்-3 நிறுவனத்தோடு 2.56 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. குளிரிலும் ஈரப்பதத்திலும் சைட் சொன்னபடி வேலை செய்யாது என்பது நிறுவனத்துக்கு 2006-லேயே தெரியும், தெரிந்தும் ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் விற்றார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. 2015-ல் எஃப்.பி.ஐ. தானாகச் சோதித்துக் கண்டுபிடித்து முன்னால் வைத்த பிறகுதான் நிறுவனம் ராணுவத்திடம் வாயைத் திறந்தது.

காமர்ஸ் வகுப்பில் வாங்குபவர் உஷாராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள். கத்தரிக்காய்க்கு அது சரி. முகர்ந்து பார்க்கலாம், சொத்தை இருந்தால் தள்ளிவைக்கலாம். மைனஸ் இருபதில் லேசர் டயோட் என்ன செய்யும் என்பதை ஒரு காவலர் கடை மேஜையில் வைத்து எப்படிச் சோதிப்பார்? விற்பவர் அச்சடித்துத் தந்த காகிதத்தைத்தான் நம்ப வேண்டும். அந்தக் காகிதம்தான் பொருளின் பாதி விலை. தப்பு டயோடில் இல்லை, காகிதத்தில்.

நிறுவனத்துக்கும் நியாயம் சொல்ல வேண்டும். குறை வெளிவந்த பிறகு பொதுமக்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். பின்னாளில் சிறப்புப் படைகளே மறுபடியும் அங்கே வாங்கின. 2020-ல் கம்பெனி கைமாறியது. ரெட் டாட்டும் உத்தமர் இல்லை. கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனால் அதிலும் புள்ளி கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

இதையெல்லாம் ஒதுக்கிவைத்தாலும் பேட்டரி என்று ஒன்று இருக்கிறது. லேசர் தின்னும் கரண்ட் அதிகம். சி.ஆர்.123 பேட்டரி போடும் இ.ஓ.டெக் மாடலில் சுமார் 1,000 மணி நேரம், அதாவது நாற்பத்தொரு நாள். எய்ம்பாயிண்டின் 'ப்ரோ' மாடலில் 30,000 மணி நேரம், மூன்று வருஷத்துக்கு மேல். ஒன்றுக்கு முப்பது!

பேட்டரி விலையைப் பார்த்தால் இது ஒரு பெரிய காசே இல்லை. இடிக்கிற இடம் வேறு. அவ்வளவு கரண்ட் தின்பதால் இ.ஓ.டெக் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மேல் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி ஆன் செய்தால் எட்டு மணி நேரம், கீழ்ப் பொத்தான் என்றால் நாலு மணி நேரம். அவர் ஷிப்ட் 12 மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆன் செய்தால் அதிகாலை இரண்டு மணிக்கு அது தூங்கிவிடும். மூன்று மணிக்கு அழைப்பு வந்து, காரிலிருந்து ரைபிளை உருவி, இருட்டில் தோளில் வைத்தால் ஜன்னல் காலி. பொத்தானை அழுத்த ஒரு விநாடி போதும். அந்த விநாடியில், தடிமனான கையுறையோடு, அதை ஞாபகம் வைத்திருப்பாரா? ரெட் டாட்டை ஆன் செய்தால் செய்ததுதான், அணைக்கவே வேண்டாம்.

இதைக் கேட்டதும் அவர் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அதுதான் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம். அடுத்த வாரம் கண் டாக்டரிடம் போனார். ஆறு வருடப் பழைய கண்ணாடி, சிலிண்டர் பவர் கூடியிருந்தது. புதுக் கண்ணாடியோடு வந்து பார்த்ததும் கமாவின் வால் பெருமளவு உதிர்ந்துவிட்டது. வெளிச்சத்தை இரண்டு படி குறைத்ததும் மிச்சமும் போயிற்று. ரைபிளின் பின்துளையை மடக்காமல் நிமிர்த்தி அதன் வழியாகப் பார்த்தால் சுத்தமான வட்டம். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் மங்கல் குறையும், கண்ணாடி போடுகிற யாருக்கும் தெரிந்த வித்தைதான்.

ரெட் டாட்டையே வாங்கினார். பகல் வேலை, வெப்பமான ஊர், வீட்டுக்குள் நெருக்கமான தூரம் என்றால் ஹோலோகிராம்தான் வேகம். அந்த வட்டத்துக்கு ஈடு கிடையாது. இவருடைய ஊரும் ஷிப்டும் வேறு.

நவம்பரில் சுடுதளத்தில் 50 கெஜத்துக்குக் குறியைச் சரிசெய்தார். ஜனவரியில், ரைபிளை ராத்திரி முழுக்கக் காரிலேயே போட்டுவைத்துவிட்டு, அதே காகிதம், அதே தூரம், அதே தோட்டா வைத்து இன்னொரு தடவை சுட்டுப் பார்த்தார். இரண்டு தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பேட்டரியை மகளின் பிறந்தநாள் அன்று மாற்றுவது என்று ஏற்பாடு. மூன்று வருஷம் தாங்கும் பேட்டரியை வருஷா வருஷம் தூக்கிப் போடுவது வீண் செலவு என்று அவர் மனைவிக்கு இன்னமும் வருத்தம்.