இரவல் மின்சாரம்

காரின் முன்விளக்குகள் கண்ணாடியாக இருந்த காலம் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊரில் ஓடிய மொரிஸ் மைனர்களுக்கும் ஒஸ்டின் கேம்பிரிஜ்களுக்கும் வட்டக் கண்ணாடி விளக்குகள்தான். கல் பட்டால் உடையும். ஆனால் எத்தனை வருடம் வெயிலில் கிடந்தாலும் மஞ்சளிக்காது. இன்றைய கார்களின் விளக்கு மூடி பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்டிக். அது இலேசில் உடையாது, பாரமும் குறைவு, எந்த வளைவுக்கும் வார்த்தெடுக்கலாம். அதன் எதிரி வெயில். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் முதலில் மேலே பூசியிருக்கும் மெல்லிய காப்புப் பூச்சைத் தின்கின்றன. பிறகு பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே மஞ்சளித்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளால் மங்கிப்போகிறது. வயதானவர்களின் கண்ணில் வெள்ளை படர்வது போலத்தான்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில், புதிதாக வாங்க நினைத்தவர்களும் இருந்த அல்டோவையும் விட்ஸையும் பேணிக்கொண்டார்கள். வண்டிகளுக்கு வயது ஏறியது, விளக்குகள் மஞ்சளித்தன. என் ராத்தாவின் மகனுக்குத் தொழில் கிடைத்தது அந்த மஞ்சளிலிருந்துதான்.

அவன் கட்டாரில் ஒரு கார் பெயின்ட் வேலைத்தளத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு 2021 கடைசியில் வந்தவன். கராஜ் போடக் காணியுமில்லை, முதலுமில்லை. வீடு வீடாகப் போய், வாசலில் நிற்கும் காரின் ஹெட்லைட்டைத் துலக்கிக் கொடுக்கும் வேலையைச் செய்யலாம் என்று தீர்மானித்தான். கையில் இருந்தது மோட்டார் சைக்கிள் ஒன்று. ராத்தா கட்டிய சீட்டுக் காசு கொஞ்சம். ஒரு மெசினுக்குத்தான் அது காணும். வாங்கியது பிழைத்தால் அடுத்த சீட்டு விழ ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார் என்பதால் என்னிடம் வந்தான். "மாமா, எந்தச் சேண்டர் எடுக்கிற எண்டு நீங்கதான் கணக்குப் பார்த்துச் சொல்லணும்" என்றான்.

அவனுடைய மனம் காற்றுச் சேண்டரில்தான் இருந்தது. டோஹாவில் ஆறு வருடம் அவன் பிடித்தது அதைத்தான். அதன் நன்மைகள் உண்மையானவை. உள்ளே மின்சாரம் இல்லாததால் தண்ணீர் தெளித்துத் தேய்க்கப் பயமில்லை, கைக்குப் பாரமில்லை, நாள் முழுக்க ஓடினாலும் மோட்டார் எரிந்துபோகும் என்ற கவலையில்லை. ஆனால் அங்கே காற்று சுவரிலிருந்து வந்தது. குழாயை மாட்டினால் போதும். அந்தச் சுவருக்குப் பின்னால் பெரிய கொம்பிரசர் இரவு பகலாக ஓடியதும், அதற்கான மின்கட்டணத்தை வேறு யாரோ கட்டியதும் தொழிலாளியின் கணக்கில் வருவதில்லை.

கொப்பியை எடுத்து எழுதிப் பார்த்தோம். காற்றுச் சேண்டர் விடாமல் ஓடினால் நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்றுக் குடிக்கும். ஏறக்குறைய 280 லீற்றர். பெட்டியில் இதைவிடச் சிறிய எண் அச்சிட்டிருக்கலாம். அது விட்டு விட்டு ஓடும்போது வரும் சராசரி. மோட்டார் சைக்கிளில் ஒருவாறு கட்டிக்கொண்டு போகக்கூடிய 24 லீற்றர்த் தாங்கியுள்ள கொம்பிரசர், நிமிடத்துக்கு 100 லீற்றர் கொடுத்தாலே பெரிது. தாங்கியின் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்வரை கிடைக்கும் காற்று 48 லீற்றர். கால் நிமிடத்தில் சேண்டருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். மறுபடி தாங்கி நிரம்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு அந்தக் கொம்பிரசரைச் செருக ஒரு பிளக் வேண்டும்.

அடுத்தது வயர் போட்ட மின்சாரச் சேண்டர். 230 வோல்ட், 300 வாட் அளவில் ஹாட்வெயர் கடைகளில் கிடைப்பது. விலை குறைவு, களைக்காது. ஆனால் அதன் தட்டு பெரும்பாலும் 5 அங்குலம். மரப்பலகைக்கு அது பொருத்தம். ஹெட்லைட்டோ வளைந்து, ஒடுங்கி, பொனட்டுக்குள்ளும் பம்பருக்குள்ளும் புதைந்து கிடப்பது. 5 அங்குலத் தட்டு அதற்குள் திரும்பும்போது ஓரம் பெயின்டில் ஏறிவிடும். மற்றது, நுண்மையான கடதாசிக்கு வரும்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரக்கையும் ஈரத்தரையும் 230 வோல்ட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று அடுத்தவர் வீட்டு வயரிங்கை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது.

நான் நினையாத இன்னொரு காரணத்தை மருமகன்தான் சொன்னான். "ஊட்டுல ஆம்பிளைகள் இல்லாத நேரம் போய், கரண்ட் ஒண்டு தாங்க எண்டு கேட்டு வாசல்ல நிக்க ஏலுமா மாமா?" பகலில் வேலை செய்கிறவன் அவன். வீட்டுக்காரர் கடையிலோ கந்தோரிலோ இருப்பார். கார் வெளியே நிற்கும்; வீட்டுக்குள் பெண்கள். ஜன்னலுக்குள்ளால் வயரை இழுப்பதும், 'ட்ரிப் விழுந்துட்டு, போட்டு விடுங்க' என்று கதவைத் தட்டுவதும் எங்கள் ஊரில் நடக்கிற காரியமல்ல. இதை எந்தக் கருவியின் பெட்டியிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

காரின் பெற்றரியில் இன்வேட்டரை மாட்டி 230 வோல்ட் எடுக்கலாமே என்று கேட்டான். எடுக்கலாம், கணக்கு இதுதான். 300 வாட்டை 12 வோல்ட்டால் பிரித்தால் 25 அம்பியர். இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 28, 30 வரை போகும். சிகரட் லைட்டர் துவாரத்தின் பியூஸ் பொதுவாக 10, 15 அம்பியருடன் நின்றுவிடும். ஆகவே பெற்றரியின் முனைகளில் நேரே தடித்த வயரால் கவ்வ வேண்டும். எஞ்சினையும் ஓடவிட வேண்டும். மலிவான இன்வேட்டரின் அலை சுத்தமானதல்ல. அதில் மோட்டார் இரைந்து சூடேறும். எல்லாம் சரியாக அமைந்தாலும், விளக்கைத் துலக்கிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு கார் ஸ்டார்ட் எடுக்காவிட்டால் பழி யாருக்கு? வாடிக்கையாளரின் பெற்றரியும் இரவல்தான்.

சிறிய ஜெனரேற்றர் என்றும் ஒரு யோசனை. அது 15, 20 கிலோ, சத்தம் வேறு. பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் பக்கத்தில் அதை ஓட்ட முடியாது. அந்த யோசனையைக் காலமே தீர்த்து வைத்தது. நாங்கள் கொப்பியும் பேனையுமாக இருந்த 2022 மார்ச்சில் பெற்றோல் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டிருந்தன. கலன்களில் பெற்றோல் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். மாதம் முடியும்போது மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பிளக்கை நம்பிய சேண்டரும் பெற்றோலை நம்பிய ஜெனரேற்றரும் ஒரே வாரத்தில் பட்டியலிலிருந்து கழன்றன.

கணக்குகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ராத்தா ஒரே வசனம்தான் சொன்னா. "பெரிய மெசினப் பாராத தம்பி, அவன் தனியத் தூக்கிட்டுப் போறதப் பாரு."

மிஞ்சியது பெற்றரிச் சேண்டர். 3 அங்குலத் தட்டு. சுழல்வதோடு தட்டின் மையமே சிறு வட்டமாக ஆடும் வகை. அந்த ஆட்டம் 3 மில்லிமீற்றர். இந்த இரட்டை அசைவுதான் முக்கியம். ட்ரில்லில் வட்டத் தட்டைப் பொருத்தித் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரே திசையில் சுழன்று வளையம் வளையமாகக் கோடு கிழிக்கும். ஒரே இடத்தில் சூட்டைக் கூட்டும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுழலும் கிரைண்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். பொலிகாபனேற்று ஏறக்குறைய 147 பாகை செல்சியசில் இளகத் தொடங்கிவிடும். உராய்வு அந்த அளவை எட்ட அதிக நேரம் தேவையில்லை. ஆகவே வேகத்தைக் குறைக்கும் ஆழி உள்ள மெசினாகப் பார்த்தோம்.

பெற்றரியில்தான் சந்தையின் தில்லுமுல்லுகள் அதிகம். மலிவு மெசின்களில் 48, 88, 128 என்று பெரிய எண்களை அச்சிட்டு, பக்கத்தில் வோல்ட் போலத் தோன்றும் எழுத்தையும் போட்டிருப்பார்கள். உள்ளே பெரும்பாலும் தொடராக இணைத்த ஐந்து லிதியம் கலங்கள்தான். ஒரு கலம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுச் சாஜில் ஒன்று 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. ஆகவே 18, 20, 21 என்று எழுதியவை எல்லாம் ஒரே குடும்பம். பார்க்க வேண்டியது அம்பியர்-மணித்தியாலம். 18 வோல்ட், 5 அம்பியர்-மணித்தியாலம் என்றால் 90 வாட்-மணித்தியாலம். சிறு சேண்டர் 120 வாட் குடித்தால் முக்கால் மணித்தியாலம் ஓடும். இரண்டு விளக்குகளுக்கு மெசின் ஓடும் நேரம் 20, 25 நிமிடம். அப்படியானால் ஒரு பெற்றரிக்கு ஒரு கார் நிச்சயம். கவனமாக ஓட்டினால் ஒன்றரைக் கார். மூன்று பெற்றரி இருந்தால் ஒரு நாளின் உழைப்பு பெட்டிக்குள் இருக்கிறது. சீட்டுக் காசில் மெசினும் இரண்டு பெற்றரியும் வாங்கினோம். மூன்றாவதை அவன் உழைத்து வாங்கினான்.

இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்துச் சாஜ் போட்டான். வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிளின் பெட்டியிலிருந்து எடுத்த பெற்றரியை உடனே சாஜரில் போட விடமாட்டேன். சூடாறாத லிதியம் பெற்றரியைச் சாஜ் பண்ணினால் அதன் ஆயுள் குறையும். எங்கள் கரையோர வெயிலில் அந்தப் பெட்டிக்குள் கை வைக்க முடியாது. இப்போது ஈரச் சாக்கு போர்த்துக்கொண்டு போகிறான்.

வேலையின் ஒழுங்கு சொல்வதற்கு எளிது. விளக்கைச் சுற்றிப் பெயின்டின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு மடிப்பு. தட்டுக்கும் கடதாசிக்கும் இடையில் மெல்லிய பஞ்சுத் தட்டு; அதுதான் வளைவுக்கு வளைந்து கொடுக்கிறது. முதலில் 800 இலக்கக் கடதாசி, பிறகு 1000, 1500, 2000, கடைசியில் தண்ணீரோடு 3000. மஞ்சள் இலேசாக இருந்தால் 1000இலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு கடதாசியும் முந்தியதன் கீறலை முழுக்க அழித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். மூலைகளுக்கு மெசின் கூடாது. அங்கே விரலும் வோட்டர் பேப்பரும்தான். தூசு மூக்குக்குள் போகாமல் முகக்கவசம்.

இவ்வளவும் பாதி வேலை. சேண்டர் மஞ்சளை மட்டும் எடுப்பதில்லை. மிஞ்சியிருந்த காப்புப் பூச்சையும் எடுத்துவிடுகிறது. மினுக்கிக் காட்டிக் காசை வாங்கிக்கொண்டு போனால் சில மாதங்களில் முன்னதைவிட மோசமாக மஞ்சளிக்கும். புறஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பூசினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அது விலை கூடியது. பூசாவிட்டாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மெசினின் வலுவைவிட அதைப் பிடிக்கிற கையின் நேர்மை தெரிகிற இடம் இது. விளக்கின் உட்பக்கம் மங்கியிருந்தாலோ, பிளாஸ்டிக் ஆழமாக வெடித்திருந்தாலோ சேண்டரால் ஆவது ஒன்றுமில்லை. அப்படியான வண்டிகளை அவன் தொடாமலே திருப்பி அனுப்புகிறான்.

அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்னும் மோட்டார் வாகனச் சங்கம் 2018இல் இதை அளந்து பார்த்தது. மஞ்சளித்து மங்கிய விளக்கு, புதியதன் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே தருகிறது. துலக்கிய பிறகு 70 சதவீதம் வரை மீள்கிறது. முழுமையாகப் புதிதாவதில்லை என்பதையும் மருமகன் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறான்.

இந்த எண்களின் பொருள் பொத்துவில் வீதியில் இரவில் ஓட்டியவர்களுக்குப் புரியும். தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும். கறுப்பு மாடு கறுப்பு வீதியில் கிட்டப் போகும்வரை தெரியாது. சில இடங்களில் யானையும் ஏறும். எங்கள் அயலில் ஒருவர் கொழும்புக்கு இரவு ஹயர் ஓடுகிறவர். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மங்கிய விளக்கோடுதான் போய்வந்தார். கண் பரிசோதிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாராம். வேனின் விளக்கைத் துலக்கிய மறுநாள், "என்ட கண்ணுக்கு ஒண்டுமில்ல தம்பி" என்று சொல்லிச் சிரித்தார்.

மருமகனுக்கு இப்போது கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு கார்கள் வருகின்றன. கராஜ் ஒன்று போட்டுக் கொடுப்பதாக ஒரு முதலாளி கேட்டார். காற்றுக் குழாயும் உண்டு, கட்டாரில் இருந்ததைப் போலவே. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். இதற்கு என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. அவனே கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறான்.